தூங்கிவிட்ட பச்சைப் புயல்

அத்தியாயம் 9

பொது மேலாளர் பாங் தாவ்-லுங்கின் மேசையைச் சுற்றி வர ஒரு டாக்ஸி பிடிக்கலாம் என்று ஆகுனுக்குத் தோன்றியது. இருபது வருடம் தைப்பேயில் மஞ்சள் டாக்ஸி ஓட்டியவன். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் மீட்டர் ஓடும். கதவிலிருந்து மேசைக்கு எழுபது டாலர். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இன்னொரு ஐந்து.

"மூணு மணி," என்றார் பாங். "சரியா மூணு மணிக்கு அரசு வழக்கறிஞர் ஆபீஸ்ல நான் புகார் கொடுக்கறேன். அதுக்குள்ள உங்க அறிக்கை என் கைக்கு வரணும். குற்றவாளி யாருன்னு எனக்கே தெரியும். ஆனா வெளியாள் ஒருத்தர் சொன்னா எடுப்பா இருக்கும்."

"அப்போ எங்களைக் கூப்பிட்டது கண்டுபிடிக்க இல்ல சார், காப்பி எடுக்க," என்றான் ஆகுன்.

அவனுடைய முதலாளி கோ யூமெய் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆகுன் மூன்று வயது மூத்தவன். ஆனாலும் சம்பளம் கொடுப்பவள் என்பதால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் அவள் இதே கட்டிடத்தில், கணினிக்கு மதர்போர்டு செய்யும் இதே பெய்ஹுங் கம்பெனியில், நான்காவது மாடிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், 'போர்டில் மின்சாரத்தைத் தேக்கும் இந்த கெபாசிட்டர்கள் வெடிக்கும்' என்று ஓர் அறிக்கை எழுதினாள். அது பாங்கின் மேசைக்குப் போய் வந்தபோது 'வெடிக்காது' என்று மாறியிருந்தது. கெபாசிட்டர்கள் எந்த அறிக்கையையும் படிப்பதில்லை, வெடித்தன. அறிக்கையில் எல்லாம் மாறியிருந்தும் அடியில் இருந்த யூமெய்யின் கையெழுத்து மட்டும் மாறவே இல்லை. அதை வைத்தே அவளை வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த போர்டு கம்பெனியும் அவளை வாசற்படி ஏற்றவில்லை.

"உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு, கோ மேடம்," என்றார் பாங்.

"எனக்குச் சாதாரண முகம், சார்."

அவள் குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆகுனுக்கு அந்தக் குரல் தெரியும். அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற வாணலி அது.

பாங் பெருந்தன்மையாக அன்னாசி கேக் பெட்டி ஒன்றை நகர்த்தினார். ஒவ்வொரு கேக்கின் உறையிலும் அவர் கம்பெனியின் சின்னம். மேசைமேல் வெல்வெட் பெட்டியில், திறப்பு விழாக்களில் ரிப்பன் வெட்டும் தங்கக் கைப்பிடிக் கத்திரிக்கோல் ஒன்று இருந்தது. அதை எடுத்து உறையை வெட்டப் பார்த்தார். வெட்டவில்லை, அலகுகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன. "சைனாக்காரன் தங்கம்," என்று முணுமுணுத்துவிட்டுப் பல்லால் கிழித்தார்.

சுவரில், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்ட புகைப்படம். போன வெள்ளிக்கிழமை ஹோட்டல் மேடையில் எடுத்தது. புது மதர்போர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்போல் பாங் நின்றார். அன்று நடந்த அவமானத்துக்கு நான்கு நிமிடம் முன்னால் எடுத்த படம்தான். ஆனால் அதில் முகம் நன்றாக விழுந்திருந்தது. மாட்டாமல் இருக்க முடியுமா?

நடந்தது இதுதான். புது போர்டின் பெயர் பச்சைப் புயல். 'உலகிலேயே வேகமானது, உலகிலேயே சிக்கனமானது' என்று பாங் ஊரெல்லாம் தட்டி வைத்திருந்தார். ப்ராசஸரைச் செய்தவன் எழுதிக் கொடுத்த வேகத்தைத் தாண்டி அதை ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக். ப்ராசஸர் தலையில் செம்புக் குவளையைப் பொருத்தி, சூடு தணியத் திரவ நைட்ரஜனை ஊற்றி, வெள்ளைப் புகை மேடையெல்லாம் பரவ, இருநூறு பத்திரிகையாளர்கள் வாய்பிளந்து பார்க்க, திரையில் வேகம் 7000 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. கைதட்டல். அப்புறம் திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது எண் 1600. உலகிலேயே வேகமான போர்டு, எல்லார் முன்னிலையிலும், மின்சிக்கன நிலைக்குப் போய்க் குறட்டை விட்டது. மறுநாள் கேலிச்சித்திரங்களில் பச்சைப் புயலுக்கு எல்லாரும் தலையணை போட்டு வரைந்திருந்தார்கள்.

"லுவோ ஜி-வெய்," என்றார் பாங். "பயாஸ், அதான் போர்டை எழுப்பற புரோகிராம், எழுதற பயல். சம்பளம் ஏத்தலன்னு கடுப்பு. விழாவுக்கு முந்தின நாள் ராத்திரியோட ராத்திரியா மூடியைத் திறந்து சிப்பை மாத்திட்டான். மூடியில ஒட்டின சீல் வெட்டியிருக்கு, நானே பார்த்தேன். சாட்சி போதாது?"

"போதும் சார்," என்றாள் யூமெய். "இருந்தாலும் ஒரு தடவை பார்த்துட்டு வர்றோம்."

*

பரிசோதனைக் கூடத்தில் லுவோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முப்பத்து மூன்று வயது. மூன்று நாளாகத் தூங்காத கண்கள். வாசலில் ஒரு காவலாளி, கைப்பேசியில் பேஸ்பால் பார்த்தபடி அவனைக் காவல் காத்தான்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டான் ஆகுன்.

"மூணு மணிக்கு மேல அரசாங்கச் சாப்பாடு தானே, அண்ணே."

மேசைமேல் பச்சைப் புயல் ஒரு தட்டில் திருகப்பட்டுக் கிடந்தது. அதன் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு உலோக மூடி. பயாஸ் சிப்புகள் அதற்குக் கீழேதான். மூடியின் விளிம்பில் ஆரஞ்சு நிற சீல் டேப் ஒட்டி, அது குறுக்கே நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது. மூடியின் மேல், இரண்டு பக்கமும் நைலான் கயிறு சுற்றி இறுக்கிக் கட்டிய பச்சை நொறுக்குத்தீனிப் பை. தேங்காய் வாசனைச் சோளப்பொரி, பெயரே சமர்த்து. ரயில் சிக்னலிலிருந்து பல் டாக்டரின் எக்ஸ்ரே மிஷின் வரை இந்தத் தீவில் அந்தப் பை இல்லாமல் எந்த யந்திரமும் சமர்த்தாக இருப்பதில்லை. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மக்கர் பண்ணும். சிவப்பு வைத்தால் வைத்தவனையே கேட்க வேண்டும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது.

"கட்டினது யாரு?" என்றாள் யூமெய்.

"நான்தான். வியாழக்கிழமை சாயங்காலம். சிப்பு இருக்கற இடத்து மேலயே கட்டினேன். அதுதான் பயப்படற இடம்."

யூமெய் முடிச்சின் அருகே குனிந்தாள். நைட்ரஜன் குளிரில் படிந்த பனி உருகி, காய்ந்து, கயிறு, பை, மூடி மூன்றின் மேலும் ஒரே கோடாக வெள்ளைக் கறை படர்ந்திருந்தது. கோடு எங்கேயும் விலகவில்லை; விழாவுக்குப் பிறகு பையை யாரும் அசைக்கவில்லை.

"ஆகுன், இதைப் பாரு. பையை அவிழ்க்காம மூடியைத் திறக்க முடியுமா?"

"பையைச் சுத்தி வளைச்சு டேப்பை மட்டும் வெட்டியிருக்கான் அக்கா. பூட்டை உடைச்சிட்டு, கதவைத் திறக்காமலே திருடிட்டுப் போன திருடன்."

"ஏன் பையைத் தொடல?"

பதில் ஆகுனுக்கே தெரிந்தது. டாக்ஸியின் டேஷ்போர்டில் அவனும் ஒன்று வைத்திருக்கிறான். கொலை செய்யத் துணிகிறவன்கூட, ஓடுகிற யந்திரத்தின் மேலிருந்து பச்சைப் பையை எடுக்க யோசிப்பான். எடுத்தவன் வீட்டு ஃபிரிட்ஜ் முதல் லிஃப்ட் வரை பழிவாங்கும் என்பது இங்கே பால்குடி மறக்குமுன் கற்ற பாடம்.

"வெள்ளிக்கிழமை வீடியோ இருக்கா?"

லுவோ தயங்கினான். பிறகு கைப்பேசியை நீட்டினான். மேடை, புகை, பாங். பெரிய திரையில் வேகம் 7000. பக்கத்தில் இன்னொரு திரையில், மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் மீட்டர்: 140 வாட். பாங் மைக்கைப் பிடித்து முழங்கினார்: "பாருங்கள், புயல் வேகம், அகல்விளக்குச் செலவு."

ஆகுன் சிரித்துவிட்டான். "அக்கா, ஏசி போட்டு, அஞ்சு பேரை ஏத்தி, மலை மேல நூத்திருபதுல போனேன், பெட்ரோல் முள் அசையவே இல்லன்னு ஒரு டிரைவர் சொன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"வண்டி வேகமா போகல, ஸ்பீடாமீட்டரைத் திருகி வெச்சிருக்கான்."

லுவோவின் காதுமடல்கள் சிவந்தன.

"உண்மையான வேகம் எவ்வளவு, தம்பி?" என்றாள் யூமெய், கோபமே இல்லாமல்.

"அஞ்சாயிரம். அதுக்கு மேல இந்த போர்டு தாங்காது. திரையில மட்டும் ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா கூட்டிக் காட்டும்."

"யார் எழுதச் சொன்னது?"

அவன் தரையைப் பார்த்தான்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் லுவோ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருக்க, பாங் அவனை முழங்கையால் தள்ளிவிட்டு விசைப்பலகையைப் பிடித்தார். "ஏழாயிரம் எதற்கு? எட்டு எட்டு எட்டு எட்டு வரட்டும். அதிர்ஷ்ட எண்." விரலால் தட்டினார். தட்டினார். தட்டினார். திரை 8888 காட்டியது, அரை விநாடி. அப்புறம் இருட்டு.

"பொய்க்கணக்குல எட்டாயிரத்துச் சொச்சம்னா நிஜத்துல ஆறாயிரத்துக்கு மேல," என்றாள் யூமெய். "தாங்காதுன்னு தெரிஞ்ச இடத்தைத் தாண்டி அவரே அழுத்தியிருக்காரு. விழுந்துடுச்சு. விழுந்தா?"

"உள்ள ரெண்டு சிப் இருக்கு மேடம்," என்றான் லுவோ மெதுவாக. "முதல் சிப் மயங்கினா ரெண்டாவது எழுந்து வேலை பார்க்கும். எங்க விளம்பரத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பொய்யை நான் முதல் சிப்புலதான் எழுதினேன். ரெண்டாவது... ஃபேக்டரியில வந்தபடியே. மின்சிக்கனம் எல்லாம் திறந்தபடி."

"ஆக, வேலை இல்லாதப்போ ஆயிரத்து அறுநூறுல தூங்கும். நேர்மையா."

"யாரும் எதுவும் பண்ணல மேடம். உண்மை பேசற சிப்பு எழுந்துடுச்சு, அவ்வளவுதான்."

"இதை ஏம்ப்பா மூணு நாளா சொல்லல?" என்றான் ஆகுன்.

"சொன்னா, அந்தப் பொய்யை எழுதினவன் நான்னு ஆகும் அண்ணே. சொல்லாட்டி, திருடன். எந்தப் பக்கம் போனாலும் நான்தான். அது அவருக்கு நல்லா தெரியும்."

யூமெய் ஆகுனைப் பார்த்தாள். "மேல அந்த ரூம்ல மாட்டியிருக்கற படத்துல, அவர் கட்டைவிரலுக்குக் கீழ என்ன இருந்துது?"

ஆகுன் கண்ணை மூடி யோசித்தான். மேடை. பச்சைப் பை. பாங்கின் மோதிரம். அதன் கீழ் ஆரஞ்சு நிறம், வெட்டில்லாமல், முழுதாக.

"மேடையில சீல் நல்லாத்தான் இருந்துது," என்றான். "அப்போ ராத்திரி வெட்டினதுங்கறது..."

"விழாவுக்குப் பிறகு வெட்டினது. பிசுபிசுத்த கத்திரிக்கோலை நீயும்தானே பார்த்த? அலகுல ஆரஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்துது."

ஆகுன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மணி இரண்டு பத்து. "மூணு மணி ஆகறதுக்குள்ள கேஸ் முடிஞ்சுது. வா அக்கா, மேல போய் அந்த ஆள் மூஞ்சியில இதை விசிறிட்டு, பையனை வீட்டுக்கு அனுப்பலாம்."

"ம்," என்றாள் யூமெய்.

*

மேலே போனதும் யூமெய் செய்த முதல் காரியம், பாங்குக்குத் தலை வணங்கியது.

"நீங்க சொன்னது சரி சார். சீல் வெட்டியிருக்கு. வெட்டினது கம்பெனி ஆள்தான். தாராளமா புகார் குடுங்க."

ஆகுன் அவளுடைய முழங்கையைத் தொட்டான். அவள் நகர்ந்துகொண்டாள்.

பாங் மலர்ந்தார். "வக்கீல் வியாழக்கிழமைதான் வருவாராம். காத்திருங்கன்னாரு."

"அதுக்குள்ள செய்தி ஆறிடும் சார். இன்னிக்கே குடுங்க, பத்திரிகைக்காரங்களையும் கூப்பிடுங்க. ஒரே ஒரு விஷயம், மிஷினையும் கையோட எடுத்துட்டுப் போகணும். சாட்சி இல்லாத புகார் மணப்பெண் இல்லாத கல்யாணம்."

பாங் ஒரு கணம் கண்ணைச் சுருக்கினார். "மிஷின் எதுக்கு? உள்ள என்னென்னவோ இருக்கும்..."

"இப்ப போட்டா ஆயிரத்து அறுநூறு தானே காட்டுது? அதுக்கு முன்னால என்ன இருந்துதோ அது போயே போச்சு இல்ல?"

"போச்சு, போச்சு," என்றார் பாங் நிம்மதியாக. சொந்தக் கம்பெனியின் விளம்பரத்தை அதுவரை படிக்காத ஒரே மனிதர் அவர்தான்.

மதர்போர்டை அட்டைப்பெட்டியில் வைத்தார்கள். புது டேப் ஒட்டுவதற்கு யூமெய் அந்தத் தங்கக் கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். அலகை அழுத்திப் பிடித்து வெட்டினாள். அது எப்படியோ அவள் கையிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. கவனிக்காதவள்போல் மேலே டேப்பை ஒட்டி, பாங்கின் முத்திரையையே குத்த வைத்தாள்.

லிஃப்டில் ஆகுன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "அக்கா, உனக்கும் அந்த ஆளுக்கும் ஒன்பது வருஷப் பகை. அது உன் பாடு. அந்தப் பையன் என்ன பண்ணான்? நான் டாக்ஸிக்கே போயிடறேன். அங்க வழி தப்பினா திரும்பி வர யூ-டர்ன் இருக்கும்."

"வண்டியை எடு," என்றாள் யூமெய், கைப்பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து எழுதியபடி.

*

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் புகார் சன்னலில் வெந்நீர்க் குடுவையோடு ஓர் அம்மாள் இருந்தாள். மூன்று பத்திரிகையாளர்கள், ஒரு காமிரா. காவலாளியின் பக்கத்தில் லுவோ, பெஞ்சில், குனிந்த தலையோடு. காமிரா அவனை நான்கு பக்கமும் எடுத்தது.

பாங் ஓர் உரை நிகழ்த்தினார். தேசத்தின் தொழில்நுட்ப மானம், துரோகம், தன் நாற்பதாண்டு உழைப்பு. அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்த அம்மாள் குடுவையை மூடினாள்.

"இதுல எழுதினது எல்லாம் உண்மைதானா? பொய்னு தெரிஞ்சே ஒருத்தரைக் குற்றவாளி ஆக்கினா அதுவே தனிக் குற்றம். ஏழு வருஷம் வரைக்கும் போகும். படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க."

"படிக்க வேண்டியதில்ல, எழுதினவனே நான்தான்," என்று காமிராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாங் கையெழுத்திட்டார். மேலே சிவப்பு மையில் தன் முத்திரையையும் அழுத்தினார். நன்றாக விழவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தினார்.

அம்மாள் தேதி முத்திரை குத்தினாள். மணி மூன்று நான்கு.

யூமெய் அப்போதுதான் மூச்சு விட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துச் சன்னலுக்குள் நீட்டினாள்.

"இந்தப் புகாரை விசாரிச்ச துப்பறிவாளர் நான். என் அறிக்கை. பேப்பர்ல வந்த மேடைப் படம் இதுல இருக்கு, சீல் முழுசா இருக்கறது தெரியும். சீலை வெட்டின கத்திரிக்கோல், பசையோட, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அதுல யார் கைரேகைன்னு பார்த்துக்குங்க. மதர்போர்டுல ரெண்டு சிப் உண்டு. மேடையில காட்டின பொய், முதல் சிப்புல அப்படியே இருக்கு. மயங்கித்தான் கிடக்கு, சாகல."

பாங்கின் முகம் மெதுவாக, மேலிருந்து கீழாக, தன் மொத்த மரியாதையையும் இழந்தது. "புகாரை வாபஸ் வாங்கறேன்," என்றார்.

"வாங்கலாம்," என்றாள் அம்மாள். "குடுத்தது குடுத்ததுதான். உட்காருங்க."

"நீ யாரு?" என்றார் பாங், யூமெய்யிடம். இந்தமுறை மேடமும் இல்லை, மரியாதையும் இல்லை.

"நாலாவது மாடி. கெபாசிட்டர் வெடிக்கும்னு எழுதினவ. அன்னிக்கு என் கையெழுத்தை வெச்சு என்னை அனுப்பினீங்க. இன்னிக்கு உங்க கையெழுத்துக்காகத்தான் வந்தேன்."

பாங் அவள் முகத்தில் ஒன்பது வருடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார். அதுதான் அவளுக்கு எரிந்தது என்பதை ஆகுன் மட்டும் கண்டான். இத்தனை நாள் தீட்டிய கத்தி யாருடையது என்றே தெரியாமல் குத்து வாங்குகிறார் மனிதர்.

காமிராக்காரன் திரும்பிக்கொண்டான். இப்போது பாங்கை நான்கு பக்கமும் எடுத்தான்.

ஆகுன் அவள் காதருகில் வந்தான். "மேலேயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன் மூஞ்சி பொய் சொல்லாது. அந்த ஆளு கையெழுத்துப் போடற வரைக்கும் அது வெறும் வாய்ப்பேச்சு. போட்டாத்தான் குற்றம்."

பெஞ்சிலிருந்து லுவோ எழுந்து வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று ஆகுன் நினைத்தான். யூமெய்யும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முகத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"ரெண்டு பத்துக்கே உங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றான் லுவோ.

"தெரியும்."

"அப்போ சொல்லியிருந்தா நான் இந்த பெஞ்சுக்கே வந்திருக்க மாட்டேன். எங்கம்மா இந்நேரம் டிவியில என்னைப் பார்த்திருப்பாங்க."

"சொல்லியிருந்தா புகாரைக் கிழிச்சுப் போட்டுட்டு, உன்னை வேற காரணம் சொல்லி வெளிய அனுப்பியிருப்பாரு. ஒன்பது வருஷம் நீயும் என்னை மாதிரி உட்கார்ந்து எண்ணியிருப்ப."

"அதனால என்னைத் தூண்டில்ல புழுவா கோத்தீங்க."

"ஆமா," என்றாள் யூமெய். மன்னிப்பு எதுவும் சேர்க்கவில்லை.

லுவோ தலையாட்டினான். சன்னலுக்குப் போனான். "அம்மா, ஒரு புகார் ஃபாரம் குடுங்க."

"யார் மேல?"

"ரெண்டு பேர் மேல. திரையில பொய் வேகம் காட்டச் சொல்லி, ஜனங்களை ஏமாத்தச் சொன்னவர் மேல. அவர்தான், அதோ உட்கார்ந்திருக்காரு."

பாங் எழப் பார்த்தார். காவலாளி, யார் பக்கம் காவல் காப்பது என்று ஒரு விநாடி குழம்பி, பிறகு பாங்கின் தோளில் கையை வைத்தான்.

"இன்னொருத்தர்?"

"சொன்னபடி எழுதினவன் மேல. பேரு லுவோ ஜி-வெய். அது நான்தான்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தாள். ஃபாரத்தை நீட்டினாள். அவன் சட்டைப்பையைத் தடவினான்; பேனா இல்லை.

யூமெய் தன் பேனாவை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், வாங்கவில்லை. அவள் கை அப்படியே நின்றது.

ஆகுன் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தான். லுவோ அதை வாங்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.